ஐந்தாம் வகுப்பின் ஆறாவது பாடம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வைக்கலாமா, வேண்டாமா? இந்தச் சண்டை தமிழ்நாட்டில் 2019இலிருந்து நடக்கிறது. அந்த ஆண்டு ஒன்றிய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. உடனே அன்றைய அதிமுக அரசு 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளையும் திருத்தி, தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றது. தமிழ்நாடு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்துவதில்லை என்கிறது.

நல்லது. அந்தச் சண்டையில் நாமும் தெருவில் நின்றவர்கள்தான். பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் பள்ளியை விட்டு முதலில் நிற்பது எந்தத் தெருப் பிள்ளை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, இத்தனை ஆண்டுச் சண்டையிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. பரீட்சை கிடக்கட்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே வருகிற பிள்ளை, இந்த ஐந்து வருஷத்தில் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டது?

அரசு சொல்லும் பதில் எளிது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஐந்து பாடம். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, 2023இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, யாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், யாருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும் என்றெல்லாம் செயலியில் ஏற்றுகிறார்கள். டீச்சர்மார் பாதி நாள் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

எந்தச் செயலியிலும் ஏறாத ஆறாவது பாடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் புத்தகம் கிடையாது, பாடவேளை கிடையாது. ஆனாலும் ஐந்தாம் வகுப்பு முடியும்போது அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்காத பிள்ளை தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபூர்வம். அந்தப் பாடத்தின் பெயர் சாதி.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் சிதம்பரத்திலிருந்து புவனகிரி பக்கமோ காட்டுமன்னார்கோவில் பக்கமோ போய் ஏதாவது ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசிப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாடு எட்டுக்கு மேல் தடுமாறும். ஆனால் எந்தத் தெருவில் செருப்போடு போகலாம், யார் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது, எந்தக் கடையில் சில்லறையைக் கையில் கொடுப்பான், எந்தக் கடையில் பலகையில் வைப்பான், அம்மனுக்குத் தேர் இழுக்கும்போது எந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதைத் தடங்கல் இல்லாமல் சொல்லும். ஊர்த்தெருப் பிள்ளையும் சொல்லும், காலனிப் பிள்ளையும் சொல்லும். ஒன்று வலிக்காமல் சொல்லும், மற்றது கீழே பார்த்துக்கொண்டு சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலும் தெருவிலும் கற்றது அது, பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் கற்றுக் கொடுக்கிறது.

ஒரு சின்ன விஷயம். ஆதிதிராவிடர் பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க 3 முதல் 5ஆம் வகுப்புவரை ஆண்டுக்கு 500 ரூபாய், ஆறாம் வகுப்பில் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது அரசு. நம் தலைமுறை போராடி வாங்கிய உரிமை. அதற்கு விண்ணப்பம் நிரப்புகிற அன்று வகுப்பில் என்ன நடக்கிறது? "எஸ்சி பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க." ஒன்பது வயதுப் பெண் எழுந்து நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் தலையைத் திருப்பி எண்ணுகிறார்கள். யார் பெற்றோர் தூய்மைப் பணியாளர் என்று இன்னொரு உதவித்தொகைக்காகக் கேட்கும்போது அதே வகுப்பில் இன்னொரு தடவை. உரிமையாகக் கிடைத்த பணத்தை அவமானமாக மாற்றிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதும். வருகைப் பதிவேட்டையும் சாதிச் சான்றிதழ் நகலையும் பார்த்து அந்த ஆசிரியரே ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். ஏன் செய்வதில்லை? அது தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சியில் அப்படி ஒரு பாடம் அவருக்கு நடக்கவில்லை.

பெரிய விஷயங்களும் இருக்கின்றன. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பள்ளியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளி வாசலில் கலாட்டா. அந்த நேரத்தில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அன்று என்ன பாடம் படித்தார்கள் என்று எந்த அதிகாரியாவது விசாரித்தாரா? வழக்கு, இடமாறுதல், சமாதானக் கூட்டம், பத்திரிகையில் புகைப்படம். அடுத்த நாள் வழக்கம்போல அரும்பு, மொட்டு, மலர்.

இதற்குப் பதிலாகப் பாடநூல் என்ன வைத்திருக்கிறது? முன்பக்கத்தைப் புரட்டினால் தீண்டாமை குற்றம் என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். நீங்களும் நானும் படித்த காலத்திலிருந்து இருக்கிறது. சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், இடம் மாறவில்லை. விற்பனைக்கு அல்ல என்று போடுகிற அதே பக்கம். பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் முதலில் தாண்டிப் போகிற பக்கம் அது. அந்த வரியிலிருந்து ஒரு கேள்வி கேட்டதுண்டா? கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னதுண்டா? தீண்டாமை என்றால் என்ன, அதை யார் செய்கிறார்கள், செய்தால் எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை? ஒரு மதிப்பெண்ணுக்குக்கூடக் கேட்டதில்லை. சிகரெட் அட்டையில் போடுகிற எச்சரிக்கை மாதிரி, போட்டோம், கடமை முடிந்தது.

இன்னொரு பக்கம், ஐந்து பாடங்களுக்குள்ளேயே இந்த ஆறாவது பாடம் புகுந்து கிடக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேச யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

கணக்கை எடுங்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னம் வருகிறது. கேக்கை வெட்டு, பீட்சாவை வெட்டு என்று சொல்லித் தருகிறோம். காலனிப் பிள்ளைக்கு சென்ட் தெரியும். அரசு கொடுத்த மனைப்பட்டா மூன்று சென்ட் என்று வீட்டில் பேசிக் கேட்டிருக்கும். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். அப்படியென்றால் உன் வீடு ஒரு ஏக்கரில் எத்தனை பங்கு? நூறில் மூன்று. உன் அம்மா நடவு நடுகிற வயல் எத்தனை ஏக்கர்? அது யாருடையது? இந்தக் கணக்கை ஒரு வகுப்பில் போட்டுவிட்டால் பின்னம் ஜென்மத்துக்கும் மறக்காது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதியதும், 1892இல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டதும், பஞ்சமி நிலம் என்ற பெயரும் அந்தக் கணக்குக்குப் பின்னாலேயே வரும். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லும் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது கழித்தல் கணக்குத்தான்.

அறிவியலில் தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று படிக்கிறார்கள். சாதி இல்லை என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். சுகாதாரம், நீரால் பரவும் நோய்கள் என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எங்கே கிடைக்கும்? உணவுப் பாடமும் அப்படித்தான். நாங்கள் காலனியில் நடத்தும் மாலை வகுப்பில் புரதம் எதிலெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். பருப்பு, முட்டை, பால், மீன் என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பையன் பக்கத்தில் வந்து காதோடு கேட்டான்: "அண்ணா, மாட்டுக்கறில இருக்கா?" ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் ஆக்குவது அதுதான். அதைச் சத்தமாகக் கேட்கக் கூடாது என்று பத்து வயதில் அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தது?

புவியியலுக்கு வருவோம். மேடு, பள்ளம், ஆறு, ஓடை, வெள்ளம். சிதம்பரம் வட்டம் காவிரியின் கடைமடை. வெள்ளாறும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் நிற்கிற மண். மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் ஏறுவது எங்கே என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும்: எங்க தெரு. 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் தலித் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. பேரிடர் என்று பெயர் வைத்தார்கள். மழை ஊருக்கும் சேரிக்கும் ஒரே அளவில்தான் பெய்தது. ஊரை மேட்டில் வைத்துச் சேரியைப் பள்ளத்தில் வைத்தது மழை இல்லை. இதைச் சொல்லாமல் நடத்தும் புவியியல் பாதிப் புவியியல்.

குடிமையியலை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உள்ளாட்சி, ஊராட்சித் தலைவர், கிராம சபை, குடிமக்களின் கடமைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். நம் பக்கத்து ஊர், புவனகிரி அருகே தெற்குத் திட்டை. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். 2020இல் ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அக்டோபரில் புகைப்படம் வெளியே வந்தது, நாடே பார்த்தது, வழக்கு வந்தது. அந்தப் புகைப்படத்தைச் சமூக அறிவியல் புத்தகத்தில் போட்டு, "இந்தப் படத்தில் யார் தலைவர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆறாவது பாடத்தில் அவர்கள் எத்தனை மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

இந்த மண்ணில் பாடத்துக்குப் பஞ்சமா என்ன? வேறு ஊர்க்காரர்கள் பொறாமைப்படுகிற அளவுக்கு இருக்கிறது.

சுவாமி சகஜானந்தா 1910இல் சிதம்பரத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. தீட்சிதர்களின் கோயிலுக்குள் நந்தனின் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலம். அவர் கோயில் வாசலில் போய் நிற்கவில்லை. 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார். நந்தனைத் தீயில் இறக்கிய கதையை ஊரே பக்தியோடு பாடிக்கொண்டிருந்தபோது, அதே பெயரைக் கரும்பலகைக்கு மேலே எழுதினார். அந்தப் பள்ளியில் படித்து வந்தவர்கள்தான் இந்த மாவட்டத்தின் முதல் தலைமுறைத் தலித் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அரசியல்வாதிகளும். சட்ட மேலவையிலும் பிறகு சட்டப் பேரவையிலும் இருந்து 1959இல் இறந்தார். சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மாலை வகுப்பில் அவர் யாரென்று கேட்டேன். "சாமியார்" என்றார்கள். இந்த ஊர் கோயில் ஊர் இல்லையா, சாமியார் என்றால் கோயில் சாமியார் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மணிமண்டபத்துக்குப் பூட்டும் சாவியும் வைத்தவர்கள் பாடத்தில் ஒரு பக்கம் வைத்துச் சொல்லித் தரவில்லை.

அடுத்தவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோவில் பக்கம் 1924இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். பையன் அதை உடைத்தான். புதிதாக ஒன்று வைத்தார்கள். அதையும் உடைத்தான். கடைசியில் பள்ளிக்கூடம் தனிப்பானையைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தப் பையன்தான் 1952இல் முதல் மக்களவைக்கு உறுப்பினராகப் போனார். தீண்டாமை, பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதாரம் பற்றி ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் அவர் கொடுத்த அறிக்கை இந்தியா முழுக்க ஊர் ஊராகத் தீண்டாமை எப்படி நடக்கிறது என்று பட்டியல் போட்டது. பரம்பரை அர்ச்சகர் முறையில் கை வைத்தது. 1970இல் தமிழ்நாடு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் சட்டம் கொண்டு வந்ததற்குப் பின்னால் அந்த அறிக்கையின் பெயர் சொல்லப்படுகிறது. 2025 ஜூலையில் சிதம்பரத்தில் அவருக்கு நூற்றாண்டு நினைவு அரங்கம் திறந்தார்கள். திறந்தது சந்தோஷம். ஆனால் அரங்கம் கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஆகும். பானை உடைத்த கதை பத்து வயதுப் பிள்ளைக்கு ஆக வேண்டும். அதே வயதுப் பிள்ளையின் கதை, அதே மண்ணின் கதை, அதே பள்ளிக்கூடத்துத் தண்ணீரின் கதை. இதைவிட நல்ல ஐந்தாம் வகுப்புப் பாடம் எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.

"பிஞ்சு மனசுல சாதியை விதைக்காதீங்க" என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் யார் என்று கவனித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிஞ்சுக்கு நாலு வயதிலேயே யார் டம்ளரில் குடிக்கக் கூடாது என்று தெரியும். நாம் விதைப்பதற்கு அங்கே நிலம் காலியாக இல்லை, பயிரே விளைந்து நிற்கிறது. அதைக் களை எடுக்க ஆள் அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அந்த எதிர்ப்பு எனக்குப் பெரிதில்லை. நம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு எதிர்ப்பு இருக்கிறது. அதைத்தான் நான் மதிக்கிறேன். மாலை வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிற ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, நீ சொல்றது சரிதான். ஆனா பாடத்துல அது வந்துச்சுன்னா, டீச்சர் வாசிக்க வாசிக்க கிளாசு மொத்தமும் எம்பொண்ணத்தான திரும்பிப் பாக்கும்?" இதற்குச் சுலபமான பதில் கிடையாது. ஊக்கத்தொகைக்கு எழுந்து நின்ற அதே பெண்தான் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறாள். மோசமாக எழுதிய பாடத்தை, நம்பிக்கை இல்லாத ஆசிரியர் வாசித்தால், அந்த அக்கா சொல்வதுதான் நடக்கும். பரிதாபப் பாடம் நமக்கு வேண்டாம். "பாவம், ஒரு காலத்தில் இவர்களைத் தொட மாட்டார்கள்" என்று எழுதுகிற பாடம், பாடம் இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

அதனால்தான் எப்படி எழுதுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. தொட மறுப்பவனைப் பற்றி எழுதுங்கள். தனிப்பானை வைத்தது யார், ஏன் வைத்தார்கள், அதில் என்ன தப்பு என்று வகுப்பைக் கேளுங்கள். பானை உடைத்த பையனை வீரனாக வையுங்கள். அப்போது வகுப்பு திரும்பிப் பார்த்தாலும் அந்தப் பெண் தலை நிமிர்ந்துதான் இருப்பாள். கேள்வி போய் நிற்பது வேறு வீட்டு வாசலில். அம்பேத்கர் என்றால் அரசியல் சட்டம் எழுதியவர், கோட்டு, கண்ணாடி, ஏப்ரல் 14 விடுமுறை என்று முடித்துவிடுகிறோம். அவர் வகுப்பறையில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்து உட்கார்ந்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீர் குடிக்காமல் வீடு திரும்பியதையும் சொல்லலாம். அதோடு 1927இல் மகாத் குளத்தில் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொல்லி விடுவது அந்த அக்கா பயப்படுகிற வேலை.

ஏன் ஐந்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: நம் கிராமங்களின் அமைப்பைப் பாருங்கள். பல இடங்களில் தொடக்கப் பள்ளி இரண்டு. காலனிக்குள் ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி, ஊருக்குள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தமிழ்நாடு முழுக்க ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1100க்கு மேல் இருக்கின்றன, பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதா வேண்டாமா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்குச் சொல்ல வருவது இதுதான்: ஐந்து வருஷம் இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் படிக்கிறது. ஆறாம் வகுப்பில்தான் முதல்முறையாக ஒரே பெஞ்சில் சந்திக்கிறது. ஒருத்தரைப் பற்றி ஒருத்தருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆறாவது பாடம் சொல்லித் தந்தது மட்டும்தான். நடுநிலைப் பள்ளியில் பட்டப்பெயர் வரும், உயர்நிலைப் பள்ளியில் கையில் கலர் கயிறு வரும், பிறகு வாட்ஸப்பில் சாதித் தலைவர் படம் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் மாணவர்கள்தான். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கயிறு வேண்டாம், பாடத்திட்டத்தைச் சமூக நீதிப் பார்வையில் திருத்துங்கள் என்று பல நல்ல பரிந்துரைகள். அறநெறி வகுப்பு வாரம் ஒரு பாடவேளை என்றும் இருக்கிறது. ஆனால் 6 முதல் 12ஆம் வகுப்புவரை. இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. நீதிபதி மேல் மரியாதை உண்டு, அவர் தீர்ப்புகளால் பயன் அடைந்தவர்கள் நாம். ஆனாலும் இரண்டு கூட்டமும் சந்தித்த பிறகு பாடம் தொடங்கினால் அது தீயணைப்பு வேலை. சந்திப்பதற்கு முந்தின வருஷம் தொடங்க வேண்டும். அதுவும் அறநெறி என்ற பெயரில் வேண்டாம். அன்பாக இருங்கள், பொய் சொல்லாதீர்கள் வரிசையில் சாதியும் ஒரு கெட்ட பழக்கமாகக் கரைந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது என்று கணக்குப் பாடம்போலச் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பத்து வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள முடியும். ஒளிச்சேர்க்கையைவிட அது சுலபம்.

1953இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளியைப் பாதி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தோம், அடுத்த வருஷமே காமராஜர் ஆட்சியில் அது போனது. இன்றும் மேடைக்கு மேடை அந்த வெற்றியைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அப்பன் தொழிலைக் கற்பிக்கும் பாதி நேரம் போனதே தவிர, அப்பன் இடம் எது என்று கற்பிக்கும் நேரம் முழு நாளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு அரசாணை தேவைப்படவில்லை.

பாடநூல் கழகம் எப்போது மனசு வைக்கும் என்று காத்திருக்க முடியாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பாதிக்கு மேல் பெற்றோர்கள், தலைவர் ஒரு அம்மா. காலனியிலிருந்து அதில் உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டும். ஊக்கத்தொகை விண்ணப்பத்துக்குப் பிள்ளைகளை ஏன் எழுப்பி நிறுத்துகிறீர்கள், இந்த வருஷம் அது நடக்காது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். காலையில் வகுப்பறை பெருக்குவது யார், தண்ணீர் எடுத்து வருவது யார், முறைப் பட்டியல் இருக்கிறதா, அதில் ஊர்த்தெருப் பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். காலை உணவு சமைக்கும் பெண்ணை நியமிக்கும்போது யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். சகஜானந்தா, இளையபெருமாள் பற்றி ஐந்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேச அனுமதி கேளுங்கள், பேச ஆள் நாங்கள் தருகிறோம். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் ஜூனில் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், முதல் நாள் அவர்களோடு யார் போகிறார்கள் என்று கேளுங்கள்.

கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கூட்டம் நடந்த தேதியையும் மறுத்தவர் சொன்ன காரணத்தையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.